கடை பில்லிங் மென்பொருளுக்கு எந்தத் தரவுத்தளம்? தேர்வு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 செப்டம்பரில் மோங்கோடிபி நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மொபைல் செயலிக்குள்ளேயே தரவைச் சேமிக்கப் பலரும் பயன்படுத்திவந்த ரெல்ம் தரவுத்தளத்தின் எஸ்டிகேக்களையும் (செயலியில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்புகள்), அதைச் சர்வரோடு ஒத்திசைக்கும் சேவையையும் கைவிடுவதாகச் சொன்னது. 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்த ஒத்திசைவுச் சேவை முடிவுக்கு வந்தது. ரெல்மை நம்பிச் செயலி எழுதியவர்கள் மறுபடியும் முதல் கேள்விக்கே வந்து நின்றார்கள்: செயலி ஓடுகிற அதே கருவியில் தரவை எதில் வைப்பது?

இதற்கு இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் வேக ஒப்பீடுகள். ஒரு விநாடிக்கு எத்தனை லட்சம் வரிகள் எழுதலாம் என்ற அட்டவணைகள். சிறு வியாபார மென்பொருள் எழுதுகிறவருக்கு அவற்றால் அதிகப் பயனில்லை. ஒரு மளிகைக் கடையில் ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று பில் விழுந்தாலே நல்ல வியாபாரம். அங்கே கெடுப்பது வேகக் குறைவு அல்ல. கரண்ட் போன நேரத்தில் கோப்பு கெட்டுப்போவது, இரண்டாவது கவுண்டர் வைத்ததும் தரவு குழம்புவது, பேக்கப் எடுத்தும் அதிலிருந்து மீட்க முடியாமல் போவது ஆகியவைதான் உண்மையான ஆபத்துகள். அதனால் ஒரு மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டு வகைத் தரவுத்தளங்கள்

முதல் வகை, சர்வர் தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் இந்த வகை. தரவைக் கையாளத் தனியாக ஒரு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நம் செயலி அதனிடம் "இதைச் சேமி, அதைக் கொடு" என்று கேட்கும். தரவுக் கோப்பைத் தொடும் உரிமை அந்தச் சர்வருக்கு மட்டுமே.

இரண்டாவது வகை, உட்பொதி தரவுத்தளம். இங்கே தனிச் சர்வர் கிடையாது. தரவுத்தளம் என்பது செயலிக்குள் சேர்க்கப்படும் ஒரு நூலகம். நம் செயலியே அதன் மூலம் வட்டில் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து படிக்கிறது, எழுதுகிறது. நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, போர்ட் எண் இல்லை. எஸ்க்யூலைட் இந்த வகையில் மிகப் பரவலானது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் வரலாறு எல்லாம் எஸ்க்யூலைட் கோப்புகளில்தான் இருக்கின்றன.

எஸ்க்யூலைட் பிறந்த சூழலைத் தெரிந்துகொண்டால் அது எதற்கானது என்பது விளங்கும். ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருள் பணியில் இருந்தார். கப்பலில் சேதம் ஏற்பட்டால் என்ன செய்வது என்று வழிகாட்டும் மென்பொருள் அது. தரவு இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தளச் சர்வரில் இருந்தது. சர்வர் நின்றுவிட்டால், மென்பொருள் நன்றாக இருந்தும் "தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை" என்ற செய்தி மட்டுமே வரும். எந்த நேரத்தில் மென்பொருள் அவசியம் தேவையோ அந்த நேரத்தில் அது கைவிட்டுவிடும். சர்வரே தேவைப்படாத தரவுத்தளம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

பெயரைத் தேர்வு செய்யும் முன் மூன்று கேள்விகள்

1. எத்தனை இடங்களிலிருந்து எழுதப்படும்? ஒரே கணினியா, இரண்டு மூன்று கணினிகளா?

2. கோப்பு எந்த வட்டில் இருக்கும்? செயலி ஓடும் கணினியின் சொந்த வட்டிலா, நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியிலா?

3. திடீரென்று மின்சாரம் நின்றால் எதை இழக்கலாம், எதை இழக்கவே கூடாது?

தரவின் அளவு இந்தப் பட்டியலில் இல்லை. காரணம், கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நாளொன்றுக்கு 300 பில், பில்லுக்கு 8 வரி, வரிக்கு 100 பைட் என்றால் ஒரு நாளைக்கு 240 கேபி. ஆண்டுக்கு ஏறக்குறைய 90 எம்பி. தேடலுக்கான இண்டெக்ஸ்களையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை ஜிபிக்குக் கீழேதான் இருக்கும். எஸ்க்யூலைட் கோப்பின் உச்ச வரம்பு 281 டெராபைட். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு, 2022 வெளியீடு வரை, 10 ஜிபி. நெருக்கடி வரக்கூடியது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸுக்கு மட்டும்தான், அதன் வரம்பு 2 ஜிபி.

இரண்டாவது கவுண்டர் வரும்போது

பிரச்சினைகளில் பெரியது இதுதான், எனவே நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே கணினியில் பில்லிங் திரையும் கணக்கு அறிக்கைத் திரையும் ஒரே நேரத்தில் ஓடினால் எஸ்க்யூலைட்டுக்குச் சிரமமில்லை. ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாதபடி அது கோப்புக்கு லாக் போடுகிறது. அந்த லாக் முழுக் கோப்புக்கும் ஒன்றே ஒன்று என்றாலும், ஒரு பில்லை எழுத ஆவது சில மில்லிவிநாடிகள். அடுத்தவர் காத்திருந்து எழுதிவிடலாம்.

கடை வளர்கிறது, இரண்டாவது கணினி வருகிறது. உடனே பலரும் செய்வது, முதல் கணினியின் ஃபோல்டரை விண்டோஸில் ஷேர் செய்து, இரண்டாவது கணினியிலிருந்தும் அதே கோப்பைத் திறப்பது. முதல் வாரம் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும். ஆனால் எஸ்க்யூலைட்டின் லாக் முழுக்க முழுக்க இயங்குதளத்தின் கோப்பு லாக்கை நம்பியிருக்கிறது. நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்பு முறைகள் பலவற்றில் அந்த லாக் நம்பத்தகுந்ததாக இல்லை. லாக் கிடைத்துவிட்டதாக இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டால், இரண்டும் கோப்பின் ஒரே பக்கத்தில் எழுதும். அதன் பிறகு கோப்பு சிதைந்துவிடும். சிதைவு அன்றே தெரியாமல், மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது தெரியவரலாம். எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே நெட்வொர்க் கோப்பில் இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

சரியான வழிகள் மூன்று:

1. ஒரு கணினியில் சிறிய சேவை நிரல் ஒன்றை ஓடவிட்டு, எஸ்க்யூலைட் கோப்பை அது மட்டுமே திறக்கும்படி செய்யலாம். மற்ற கவுண்டர்கள் பில் விவரத்தை அந்த நிரலுக்கு அனுப்பும்.

2. போஸ்ட்கிரெஸ் அல்லது ஃபயர்பேர்டைச் சர்வராக நிறுவலாம். ஃபயர்பேர்டில் ஒரு வசதி உண்டு. தொடக்கத்தில் உட்பொதி முறையில் பயன்படுத்திய அதே கோப்பைப் பிற்பாடு சர்வரின் கீழ் வைத்துக்கொள்ளலாம், தரவைக் கேட்கவும் எழுதவும் பயன்படும் எஸ்க்யூஎல் கட்டளைகளை மாற்ற வேண்டியதில்லை.

3. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனிக் கோப்பு வைத்து, இரவில் ஒன்றுசேர்க்கலாம். பில் எண் மோதாமல் இருக்க கவுண்டருக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளை அனுமதிக்கின்றன. ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஆனால் பகலில் சரக்கு இருப்பு இரண்டு கவுண்டர்களிலும் வேறுவேறாகக் காட்டும்.

இரண்டாவது கவுண்டர் வரும் என்று இன்றே தெரிந்தால் இரண்டாவது வழியே நல்லது. முதல் வழியில் போனால், நாளடைவில் நாமே ஒரு அரைகுறை தரவுத்தளச் சர்வரை எழுதிக்கொண்டிருப்போம். மூன்றாவது வழி, லேன் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் கடைக்கும், ஊர் ஊராகப் போகும் விற்பனை வண்டிக்கும் பொருந்தும்.

ஒரே கணினியில்கூட "தரவுத்தளம் லாக் ஆகியிருக்கிறது" என்ற பிழை வருவது உண்டு. அதற்குப் பெரும்பாலும் செயலிதான் காரணம். பில் திரையைத் திறந்ததுமே டிரான்சாக்ஷனை (முழுவதும் சேர்ந்தே பதிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கி, முதல் பொருளை எழுதி, பிரிண்ட் எடுக்கும்போது முடித்தால், வாடிக்கையாளர் சில்லறை தேடும் நேரம் முழுவதும் லாக் பிடித்தபடி இருக்கும். பில்லை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே டிரான்சாக்ஷனில் எழுத வேண்டும். அந்த டிரான்சாக்ஷனை, எழுதும் லாக்கைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளும் 'இம்மீடியட்' முறையில் தொடங்கி, காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடியாக அமைத்துவிட்டால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்

எஸ்க்யூலைட்டில் 2010 முதல் 'வால்' (WAL, ரைட்-அஹெட் லாக்) என்றொரு எழுதும் முறை இருக்கிறது. பழைய கடைகளில் அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். புதிதாக எழுதுவதெல்லாம் முதலில் தனியாக ஒரு துணைக் கோப்புக்குப் போகும். அதில் 1000 பக்கங்கள், அதாவது ஏறக்குறைய 4 எம்பி சேர்ந்ததும் மூலக் கோப்புக்கு மாற்றப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. இந்த முறையில் ஓடும்போது கடையின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் மூன்று கோப்புகள் தெரியும்: 'கடை.டிபி', 'கடை.டிபி-வால்', 'கடை.டிபி-எஸ்எச்எம்'. முதல் இரண்டும் சேர்ந்ததுதான் தரவுத்தளம், மூன்றாவது தற்காலிகக் கோப்பு.

இங்கே இன்னொரு அமைப்பையும் கவனிக்க வேண்டும். ஒரு பில்லைச் சேமித்ததும் அது வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டதா என்று காத்திருப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது 'சிங்க்ரனஸ்' அமைப்பு. 'நார்மல்' என்று வைத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் காத்திருக்காது. வேகம் கூடும். கரண்ட் போனாலும் கோப்பு சிதையாது. ஆனால் கடைசியாகச் சேமித்த சில பில்கள் இல்லாமல் போகலாம். 'ஃபுல்' என்று வைத்தால் ஒவ்வொரு பில்லும் வட்டில் பதிந்த பிறகே "சேமிக்கப்பட்டது" என்ற பதில் வரும்.

வேகத்துக்காக 'நார்மல்' வைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. செய்தி வாசிக்கும் செயலிக்கு அது சரி. பில் அச்சாகி வாடிக்கையாளர் கையில் போய்விட்ட பிறகு அந்தப் பில் கணக்கில் இல்லாமல் போவதைக் கடை ஏற்க முடியாது. பில்லிங்குக்கு 'ஃபுல்' வைப்பதே முறை. வேகம் போய்விடுமே என்று பயப்படத் தேவையில்லை. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்கூட விநாடிக்குச் சில பத்து டிரான்சாக்ஷன்கள் முடியும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் அதிகம்.

விலை குறைந்த வட்டுகள் சில, தரவு உள்ளே பதியும் முன்பே பதிந்துவிட்டதாகப் பதில் சொல்லிவிடும். எந்தத் தரவுத்தளமும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கவுண்டர் கணினிக்கு யுபிஎஸ் வைக்கச் சொல்வதும் மென்பொருள் தருகிறவரின் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

பேக்கப்: கோப்பை நகலெடுத்தால் போதாது

இரவு கடை மூடும்போது 'கடை.டிபி'யை மட்டும் பென் டிரைவில் நகலெடுப்பது பரவலான பழக்கம். மேலே சொன்ன மூன்று கோப்புகளை நினைத்துப் பாருங்கள். செயலி இன்னும் திறந்திருந்தால், இன்றைய பில்களில் பல 'வால்' கோப்பிலேயே இருக்கலாம். பேரேடு பென் டிரைவுக்குப் போயிற்று, சிட்டை கடையிலேயே நின்றுவிட்டது. நகலெடுக்கும் நேரத்தில் மாற்றம் நடந்துகொண்டிருந்தால் நகலே சிதைந்துபோகவும் வாய்ப்புண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் ஒத்திசைவு ஃபோல்டரில் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

எஸ்க்யூலைட்டிலேயே இதற்குக் கருவிகள் இருக்கின்றன. செயலியின் நிரலிலிருந்தே அழைக்கக்கூடிய பேக்கப் ஏபிஐ ஒன்று. 2019-இல் வந்த 'வேக்யூம் இன்டு' கட்டளை இன்னொன்று. இது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலிருந்து முழுமையான, சுருக்கமான ஒரே கோப்பை உருவாக்கித் தரும். அந்தக் கோப்பைப் பென் டிரைவுக்கோ மேகச் சேமிப்புக்கோ அனுப்பலாம். அனுப்பும் முன், கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்டெக்ரிட்டி செக்' சோதனையை அந்த நகலின் மேல் ஓட்ட வேண்டும். சோதிக்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

தமிழில் தேடினால் மீனும் மானும் ஒன்றாகிவிடும்

பொருள் பெயர்களைத் தமிழில் வைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய, ஆனால் எங்கும் அதிகம் பேசப்படாத சிக்கல் இது.

எஸ்க்யூலைட்டில் 'எஃப்டிஎஸ்5' என்ற முழு உரைத் தேடல் வசதி உண்டு. உரையைச் சொற்களாகப் பிரிக்கும்போது, எழுத்து, எண் என்ற வகைகளில் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரநிலை) சேர்த்தவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக அது இயல்பாக எடுத்துக்கொள்கிறது. தமிழின் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' என்ற வேறு வகையில் இருக்கின்றன. அதனால் அவை சொல் முடியும் இடங்களாகக் கருதப்படுகின்றன. 'மீன்' என்பது 'ம', 'ன' என்ற இரண்டு துண்டுகளாகிவிடும். 'மான்' என்பதும் அதே 'ம', 'ன'தான். மீனைத் தேடினால் மானும் சேர்ந்து வரும். தேடல் அட்டவணையை உருவாக்கும்போதே 'எம்சி', 'எம்என்' என்ற இரண்டு குறி வகைகளையும் சொல்லில் சேர்க்கச் சொல்லி அமைத்தால் இது தீர்ந்துவிடும்.

ஓகார உயிர்மெய்யிலும் கவனம் தேவை. 'கோதுமை' என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தரவுத்தளத்துக்கு அவை வேறு வேறு. வேறு மென்பொருளிலிருந்து எக்செல் வழியாகப் பொருள் பட்டியலைக் கொண்டுவரும்போது இது தலைதூக்கக்கூடும். சேமிக்கும் முன், இரண்டு குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுவது வழி.

அகர வரிசையும் இப்படித்தான். எஸ்க்யூலைட் இயல்பாக யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் புள்ளி கடைசியில் வருவதால் 'பனங்கற்கண்டு' முன்னும் 'பன்னீர்' பின்னும் நிற்கும். அகராதி வரிசை இதற்கு நேர்மாறு. ஆண்ட்ராய்டில் 'லோகலைஸ்டு' என்ற வரிசை முறை கூடவே வருகிறது. மற்ற இடங்களில், மொழிவாரியான வரிசை முறைகளைக் கொண்ட ஐசியு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணம், தேதி, வகை

1. எஸ்க்யூலைட்டில் தசம எண்ணுக்குத் துல்லியமான தனி வகை கிடையாது. ரூபாயை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் கூட்டலில் பைசா தவறும். தொகை முழுவதையும் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள்.

2. 'இப்போது' என்று தேதி கேட்டால் அது உலகப் பொது நேரத்தைத் தரும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அதிகாலை 4 மணிக்குத் திறக்கும் பால் கடையில் ஐந்தரை வரை போட்ட பில்லெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும்.

3. எண்ணுக்கான பத்தியில் எழுத்தைக் கொடுத்தாலும் எஸ்க்யூலைட் வாங்கிக்கொள்ளும். 2021-க்குப் பிந்தைய பதிப்புகளில் அட்டவணையை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவித்தால் மறுத்துவிடும். அட்டவணைகளுக்கு இடையிலான ஃபாரின் கீ சரிபார்ப்பும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும்.

மற்ற பெயர்கள் எங்கே பொருந்தும்

டக்டிபி, ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்தது. கோடிக்கணக்கான வரிகளைக் கூட்டி, பிரித்து, ஆராய்வதற்கு அருமையானது. பில் போடும் வேலைக்கு அது உரியதல்ல, பழைய பில்களை ஆராயும் வேலைக்கு உரியது. லெவல்டிபி, ராக்ஸ்டிபி, எல்எம்டிபி மூன்றும் சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தருபவை. எஸ்க்யூஎல் கிடையாது, அறிக்கைகளை எல்லாம் நாமே எழுத வேண்டும். உலாவிக்குள் ஓடும் செயலி என்றால் இன்டெக்ஸ்டுடிபி உண்டு, ஆனால் பயனர் உலாவித் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். கடைக் கணக்கின் ஒரே பிரதியை அங்கே வைக்கக் கூடாது.

எட்டு ஆண்டுக்குப் பிறகு திறக்க முடியுமா

ஜிஎஸ்டி சட்டத்தின்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கு வழக்கமான கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. அப்படியென்றால் 2024 ஏப்ரலில் போட்ட பில் 2031 டிசம்பர் வரை கையில் இருக்க வேண்டும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்.

தரவுத்தளங்களின் ஆயுளை இந்த எட்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் காம்பாக்ட் ஒருகாலத்தில் விண்டோஸ் செயலிகளுக்கு இயல்பான தேர்வாக இருந்தது. அதற்கான ஆதரவு 2021-இல் முடிந்தது. ரெல்மின் கதையை மேலே பார்த்தோம். பெர்க்லி டிபியை 2006-இல் ஆரக்கிள் வாங்கியது, 2013-இல் உரிமமே மாறி, நிபந்தனைகள் இறுகின. எஸ்க்யூலைட் பொதுச் சொத்து, அதற்கு உரிமம் என்ற ஒன்றே இல்லை. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு இன்றைய நூலகத்திலும் திறக்கிறது. 2050 வரை ஆதரவு தரும் எண்ணத்தோடு இயங்குவதாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

எதைத் தேர்வு செய்தாலும், பில் வரிகள் அனைத்தையும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும் பட்டன் ஒன்றை முதல் பதிப்பிலேயே வைத்துவிடுங்கள். மென்பொருள் எழுதியவர் இல்லாமல் போனாலும் கடைக்காரர் தன் கணக்கைத் தானே படித்துக்கொள்ள முடிய வேண்டும்.